ஒரு செகண்ட்

ஃபிளாஷ் அடிக்கும் முன்பே அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஏன் என்று கேட்டால், வெளிச்சம் வரப்போகிறதே என்கிறார். ஏழு படம் எடுத்தாயிற்று. ஏழிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட ஒரு மனிதர் வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் படத்துக்குத் தூக்கி வரும் கைக்குழந்தைகள்கூட அவளை இத்தனை பாடு படுத்தியதில்லை. குழந்தைக்காவது கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டலாம். எழுபத்தாறு வயது மனிதருக்கு எதை ஆட்டிக் காட்டுவது?

படம் முதியோர் இல்லத்துக்கு. கடல் தாண்டி இருக்கும் அண்ணன் அங்கிருந்தபடியே இல்லத்தைத் தேடிப் பிடித்து, அதன் மேலாளரிடம் நாலு தடவை பேசி, விண்ணப்பத்தையும் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டான். காலியாக இருப்பது ஒரே ஒரு கட்டில். சாயங்காலம் ஐந்து மணிவரைதான் அதைப் பிடித்து வைப்பார்களாம். மீதி இருந்தவை இரண்டே இரண்டு: முகம் தெளிவாகத் தெரியும் படங்கள் நான்கு, கடைசிப் பக்கத்தில் அவளுடைய கையெழுத்து. படக்கடைக்காரியின் அப்பாவுக்குப் படம் ஒரு பெரிய விஷயமா என்று அண்ணன் போனில் சிரித்தான்.

அண்ணனைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போன மாதம் அவள் வெளியூருக்குக் கல்யாணப் படம் எடுக்கப் போயிருந்தபோது அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். அவள் திரும்பி வரும்வரை நாலரை மணி நேரம் ஈரத்தரையிலேயே கிடந்தார். சத்தம் போட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்குமே என்று அவள் அழுதாள். "அவங்க சாப்பிடற நேரம், பாப்பா" என்றார். அன்றிலிருந்து கடையில் இருந்தாலும் அவளுடைய ஒரு காது மாடி வீட்டில்தான் இருந்தது. வெளியூர் வேலைகளை எல்லாம் தட்டிக் கழித்தாள். இல்லம் என்று அண்ணன் வாயெடுத்தபோது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் அதற்கப்புறம் வந்தது.

இந்தக் கடை ஒரு காலத்தில் அப்பாவின் சலூன். அவள் திரை கட்டியிருக்கும் இடத்தில்தான் சுழலும் நாற்காலி இருந்தது. நாற்பது வருஷம் ஊரார் தலைகளைப் பிடித்து நிமிர்த்தி, ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க என்று சொல்லிச் சொல்லியே பிழைத்தவர். முகத்துக்குப் பொருந்தாத கிராப்பைக் கேட்டு யாராவது வந்து உட்கார்ந்தாலும், சரிங்க என்றுதான் சொல்வார். அவர் அகராதியில் முடியாது என்ற வார்த்தையே கிடையாது. இருந்தவரை அவருக்கும் சேர்த்து அம்மாதான் முடியாது என்று சொல்லிவந்தாள். இப்போது வலது கை சும்மா இருந்தாலே ஆடுகிறது, இடது கையும் பாதி ஆடுகிறது. எதையாவது இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வீட்டில் எந்நேரமும் கதவு நிலையையோ கட்டில் சட்டத்தையோ பிடித்தபடிதான் இருப்பார்.

எட்டாவது படத்துக்கு அவள் ஃபிளாஷை அணைத்தாள். பக்கவாட்டு விளக்குகளே போதும், கண்ணும் கூசாது. காலையில் நகைக்கடைக்காரருக்காக நெக்லஸ் படங்கள் எடுத்தபோது ஃபிளாஷ் இல்லாமல்தான் எடுத்தாள். அந்த அமைப்பைக் கேமரா நினைவில் வைத்திருந்தது. வளையத்தை அதற்குத் திருப்பினாள். காலையில் ஷட்டர் ஒரு முழு செகண்ட் திறந்திருந்ததும், நெக்லஸ் தலையை ஆட்டாது என்பதும் அவசரத்தில் அவள் மண்டையில் உறைக்கவில்லை.

"இங்க பாருங்கப்பா" என்றாள். ஸ்டாண்டில் நின்ற கேமராவில் கண்ணை வைத்தபடியே, மனதில் நாலு நாளாகப் புரண்டுகொண்டிருந்ததையும் சொன்னாள். நேருக்கு நேர் பார்த்துச் சொல்ல முடியாததைக் கேமராவுக்குப் பின்னால் நின்று சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது. "அங்க நர்ஸ் இருக்காங்க, நல்லா பாத்துக்குவாங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் வந்துடுவேன். போலாம்லப்பா?"

"சரி, பாப்பா" என்றார்.

அந்த 'சரி'யின்மேல்தான் அவள் விரல் அழுந்தியது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை இருண்டுபோகும். எதிரே நடப்பது, எடுக்கிறவளுக்கு மட்டும் தெரியாது. வழக்கத்தைவிட இருட்டு நீளமாக இருந்தபோதே சொதப்பிவிட்டோம் என்று புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு ஷட்டரைக் குறைத்து, விளக்கைக் கூட்டி, அடுத்ததை எடுத்தாள். அது அருமையாக வந்தது. கண் திறந்திருந்தது, காது இரண்டும் தெரிந்தது, நெற்றியில் பளபளப்பு இல்லை. எந்த ஆபீசும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொள்ளும் படம்.

அவரை அப்படியே உட்கார்ந்திருக்கச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். கெட்டுப்போனதை அழிக்கப் போனவள் கையை எடுத்துவிட்டாள்.

அசைந்த படம் அவளுக்குப் புதிதல்ல. வாசல் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கும் படமே அப்படித் தப்பிப் பிறந்ததுதான். ஒரு கல்யாணத்தில் ஆடிக்கொண்டிருந்த மணமக்கள் வண்ணக் குழம்பாகக் கலைந்து, மணப்பெண்ணின் சிரிப்பு மட்டும் பிழைத்திருக்கும். கை தவறி வந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் மேதை என்றார்கள், இவளும் மேதை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஆனால் இது வேறு. பாஸ்போர்ட் அளவுக்கு இன்னும் வெட்டாத இந்தப் படத்தில் சட்டை தெளிவாக இருந்தது. பொத்தான் துளையில் பிரிந்த நூல்கூடத் தெரிந்தது. ஆடிக்கொண்டே இருக்கும் அந்தக் கைகள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தன. பிடித்த பிடியில் நகங்கள் வெளுத்திருந்தன. கட்டைவிரலில் இருந்த பழைய சவரக்கத்தித் தழும்பை எண்ணெய் தடவித் துடைத்தது போலத் துல்லியமாகப் பார்க்க முடிந்தது. முகம்தான் இல்லை. கழுத்துக்கு மேலே ஒரு முகம் வாசலைப் பார்த்தது, இன்னொன்று சுவரைப் பார்த்தது, நடுவில் வாயும் மூக்கும் கரைந்து கிடந்தன.

நடுக்கமாக இருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். பதினைந்து வருஷம் இதே வேலையில் இருப்பவளிடம் அந்தச் சமாதானம் எடுபடவில்லை. நடுக்கம் என்றால் ஓரங்கள் இரட்டையாகத் தெரியும், அவ்வளவுதான். இது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிருந்தது. வாய் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது தலை வேறொன்றைச் சொல்லியிருந்தது. நாற்பது வருஷம் நாற்காலியிலும், அதற்கப்புறம் வீட்டிலும், குளியலறைத் தரையிலும் சொல்லாததை அவள் கண் இருண்டிருந்த ஒரு செகண்டில் சொல்லியிருந்தார்.

போன் அடித்தது. அண்ணன். படம் வந்துவிட்டதா, ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டாளா என்று கேட்டான். மணி நாலேகால் என்று அவனே சொன்னான். தள்ளிப்போடுவதால் யாருக்கும் நல்லதில்லை, இன்னொரு தடவை விழுந்தால் என்ன செய்வாய் என்றான். அந்தக் கேள்வியில் அவளுக்குக் கோபம் வந்தது. எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திரும்பினால் அப்பா பின்னால் நின்றிருந்தார். எப்போது எழுந்து வந்தார் என்றே தெரியவில்லை. ஒரு கை அவள் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தது, இன்னொன்று பக்கத்தில் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. திரையில் அந்தப் படம் பெரிதாகத் திறந்து கிடந்தது. மூடலாமா என்று யோசித்தாள், மூடவில்லை.

"தல ஆடிடுச்சு போல" என்றார்.

"வேணாம்னு சொன்னீங்களாப்பா?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் தலையை நாலு பக்கமும் பார்த்து, எங்கே ஏற்றம் எங்கே இறக்கம் என்று சொல்கிற பழைய பார்வை. வெளியே தெருவில் ஏதோ லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தெளிவா இருக்கறத அவங்களுக்குக் குடு. அவங்களுக்கு ஆள் அடையாளம் தெரியணும்ல" என்றார். பிறகு, "இது உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஆயிற்று, ஆனால் அதற்குப் பின்னால் வரும் நாட்களை யார் பார்த்துக்கொள்வது? விண்ணப்பம் மேசைமேல் இருந்தது, பேனா அதன்மேல் மூடி திறந்தபடி இருந்தது. எதையும் தொடாமல் அந்தக் கெட்ட படத்தைப் பிரிண்டருக்கு அனுப்பினாள். நல்லதை அனுப்பத்தான் வேண்டும், அதற்கு முன்னால் இது.

சின்ன பிரிண்டர் அது. தாளை ஒரு நிறத்துக்கு ஒரு தடவை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். முதலில் மஞ்சளில் ஸ்டூலும் சட்டையும் லேசாகத் தெரிந்தன. தாள் உள்ளே போய்ச் சிவப்போடு வந்தபோது கைகள் வந்தன. நீலத்தில் கண்கள் வந்தன, வாசல் பக்கம் ஒரு ஜோடி, சுவர்ப் பக்கம் ஒரு ஜோடி. கடைசியாகப் பளபளப்பு ஏறி முழுசாக விழுந்ததும், அவள் எடுக்கும் முன்பே அப்பா எடுத்துவிட்டார்.

எடுக்கத்தான் முடிந்தது, நிலையாகப் பிடிக்க முடியவில்லை. அவர் விரல்களில் தாள் படபடத்தது. படத்துக்குள் இருந்த கைகளும் அத்தோடு சேர்ந்து ஆடின. அவர் பார்க்கட்டுமே என்று அவள் மறுபக்க விளிம்பைப் பிடித்துக்கொடுத்தாள். இரண்டு பேர் பிடித்தும் தாளின் ஆட்டம் நிற்கவில்லை.