இடுப்பில் குத்திய பேட்ஜ்

படக்காரி என்றால் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு நர்ஸுகள் வைத்த பட்டப்பெயர் அது. வாய் ஓயாதவள், அன்று காலையிலிருந்து வாய்க்குப் பூட்டுப் போட்டவள்போல இருந்தாள். கை மட்டும் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தது.

எதிரே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. நல்ல மனுஷர்தான், எதையும் சட்டுபுட்டென்று முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு கெட்ட குணம் கிடையாது.

"உன் பேட்ஜ்ல அளவு வழக்கத்தைவிட எகிறி வந்திருக்கும்மா. எக்ஸ்ரே ரூம்லயே கழட்டி வெச்சுட்டுப் போயிட்டியா? எல்லாரும் பண்றதுதான். ஆமான்னு சொல்லு, முடிச்சிடலாம்."

உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்டும் சின்ன வில்லை அந்த பேட்ஜ். கதிரைத் தடுக்க ஈயம் வைத்துத் தைத்த ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் குத்திக்கொள்வது வழக்கம். அவள் அதை யாருக்கும் தெரியாமல் இடுப்புக்கு இறக்கியிருந்தாள். காரணம் புருஷனுக்கு மட்டும்தான் தெரியும். போன தடவை தெரிந்த அன்றே ஊரைக் கூட்டிச் சொன்னாள். அப்புறம், தங்கவில்லை என்பதையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வேதனை பகையாளிக்கும் வேண்டாம். இந்த முறை வயிறே காட்டிக்கொடுக்கட்டும் என்று இருந்தாள். ஒரு குட்டிச் சட்டைகூட வாங்கவில்லை.

ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் தொல்லை விட்டது. ஆனால் பேட்ஜை அவள் கழற்றவே இல்லையே! ஏப்ரனுக்கு அடியில் இருந்ததற்கு இவ்வளவு கதிர் எப்படி வந்தது? பேட்ஜுக்கு மட்டுமா வந்தது?

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

எக்ஸ்ரே அறைக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தாள். குடல் படம் எடுக்க ஒருவர் வெளியே காத்திருந்தார். அதற்கு நோயாளியின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பேட்ஜ் விவகாரம் முடியும்வரை அவளுக்குப் பதிலாகச் சின்ன நர்ஸ் நிற்பதாக ஏற்பாடு.

ஸ்டூலில் இரண்டாக மடிந்து கிடந்த ஏப்ரனை நர்ஸ் எடுத்தாள். கொக்கியில்தான் மாட்ட வேண்டும் என்று சுவரில் எழுதியே ஒட்டியிருந்தது. யார் கேட்டார்கள்? கனத்த சனியன் என்று எல்லோரும் ஸ்டூலில்தான் வீசுவார்கள், படக்காரியும் சேர்த்துத்தான். மடிப்பு விழுவது எப்போதும் ஒரே இடத்தில், இடுப்புக்கு நேராக.

அவளுக்குப் பொறி தட்டியது.

"ஏய், அதைப் போடாதடி!"

"ஏன்க்கா, மூட்டைப்பூச்சியா?"

"கழட்டுன்னா கழட்டு!"

பிடுங்கி மேஜையில் விரித்தாள். நர்ஸையும் இழுத்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போய், ஏப்ரனையே ஒரு எக்ஸ்ரே எடுத்தாள். திரையில் ஈயம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. மடிப்பு விழும் இடத்தில் குறுக்கே கறுப்பாக நாலைந்து விரிசல். மேல்துணியில் ஒரு கீறல்கூட இல்லை.

சொல்லியனுப்பியதும் அதிகாரி ஓடிவந்தார். திரையைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"விரிசல் இடுப்புலல்ல இருக்கு? நெஞ்சுல இருந்த பேட்ஜ் எப்படிக் காட்டுச்சு?"

"நெஞ்சுல இல்ல சார். இடுப்புல குத்தியிருந்தேன்." "நாலாவது மாசம் சார்."

அவர் பேட்ஜ் காட்டிய அளவை வைத்துக் கணக்குப் போட்டார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. குழந்தைக்குன்னு இருக்கிற வரம்புக்கு ரொம்பக் கீழதான் இருக்கு. ஆனா இனிமே நோயாளி பக்கத்துல நின்னு எடுக்கிற படமெல்லாம் உனக்கு வேண்டாம்."

நாள் முழுக்க அவள் நோயாளிகளுக்குச் சொல்கிற அதே 'பயப்பட ஒண்ணுமில்ல'. கேட்கிறவளுக்கு அது எவ்வளவு போதாது என்று இப்போதுதான் தெரிந்தது.

அவர் புது பேட்ஜ் ஒன்றை எடுத்து, அவள் பெயரை எழுதி, பக்கத்தில் 'குழந்தை' என்று சேர்த்தார். "இது உனக்கில்ல. உள்ள இருக்கிறவருக்கு."

பிள்ளைக்கென்று வந்த முதல் பொருள் அது. குத்திக்கொள்ளப் பார்த்தாள், ஊசி துணியில் ஏறவில்லை. சின்ன நர்ஸ்தான் வாங்கி இடுப்பில் குத்திவிட்டாள்.

"அக்கா, எல்லார்கிட்டயும் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்பது நாக்கு நுனிவரை வந்தது. படக்காரி அந்த பேட்ஜை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"சொல்லு" என்றாள்.