ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பேச்சு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு சித்திரையில் பட்டணம் காலியாகத் தொடங்கியது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சர்க்காரே ஜனங்களை வெளியேறச் சொல்லிவிட்டது. வந்த ரயிலெல்லாம் ஆட்களையும் மூட்டைகளையும் விழுப்புரத்தில் இறக்கிவிட்டுப் போயின. அவர்களோடு கடைகளும் வந்தன. ஸ்டேஷன் ரோட்டில் வேர்க்கடலை மூட்டைகள் அடுக்கிய மல்லாட்டை மண்டி இருந்த இடத்தில் கடிகாரக் கடை வந்தது. வெற்றிலைக் கடை மூக்குக்கண்ணாடிக் கடையானது. சோடாக் கடைக்காரர் ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், அவர் கடை வாசலில் யாரோ ஏணி போட்டுப் புது போர்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தெருவில்தான் இருதயமேரி தையல் கடை வைத்திருந்தாள். கடை அவள் புருஷன் ராயப்பனுடையது. அவன் பட்டாளத்தில் தையல்காரனாகச் சேர்ந்து வடக்கே போய்விட்டான். சேரிப் பெண் பஜாரில் மெஷின் மிதிப்பதை முதலில் வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. ஆனால் ரவிக்கைக்கு அளவெடுப்பது பெண் என்பதால், பெரிய வீட்டுப் பெண்கள்கூட அவளிடம் வர ஆரம்பித்தார்கள்.

அடுத்த கடை காசிம் பாயுடையது. குடை ரிப்பேர் செய்வார். இரண்டு கடைக்கும் சொந்தக்காரர் தேவநாத முதலியார். ஒருநாள் அவர் வந்து, பட்டணத்து ஜவுளி வியாபாரி சீனுவாசன் இரண்டு கடைகளையும் கேட்கிறார், நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிக்கொள்ளப் போகிறார், மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இருதயமேரியைப் பயமுறுத்தியது. கோபமாக இருந்தால் கெஞ்சிப் பார்க்கலாம்.

அவள் தெருத்தெருவாக அலைந்தாள். திண்டிவனத்தில் இருந்த அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அங்கேயும் பஜார் முழுக்க நடந்தாள். காலியாக இருந்தது ஒரே ஒரு கடை. சொந்தக்காரர் அவர்கள் எந்தத் தெரு என்று விசாரித்தார். பதில் கேட்டதும், கடை நேற்றே முடிந்துவிட்டது என்றார். திரும்பி வந்த ரயிலில் அவளுக்கு ஒரே நினைப்புதான். மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோனால் சேரிக்குள் வந்து ரவிக்கை தைக்கக் கொடுப்பது யார்?

மறுநாள் சீனுவாசனின் மனைவி அம்சவள்ளி ரவிக்கைத் துணியோடு வந்தாள். பட்டணத்து ஜவுளிக்காரர் வீடு என்று தானே சொன்னாள்; தன் புருஷன் எடுக்கப்போவது இந்தக் கடைதான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அளவெடுக்கும்போது ஸ்டேஷனில் ஷண்டிங் செய்த ரயில் பெட்டிகள் இடித்துக்கொண்ட சத்தத்தில் அம்சவள்ளிக்கு உடம்பு தூக்கிப்போட்டது. வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏம்மா, இந்த ஊருக்கு ஒண்ணும் வராதுல்ல?"

டேப் இருதயமேரியின் கையில் நின்றது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் அவள் வாய் வேறொன்றைச் சொன்னது.

"இது ஜங்ஷன் ஊருங்கம்மா. அஞ்சு பக்கம் லைன் போவுது. பட்டணத்துக்கு அடுத்து இங்கதான் போடுவான்னு ரயில்வேக்காரங்க பேசிக்கினு இருக்காங்க. நாங்க போக்கிடம் இல்லாதவங்க, கெடக்கறோம்."

எந்த ரயில்வேக்காரரும் அவளிடம் அப்படிப் பேசவில்லை.

அம்சவள்ளியின் முகம் வெளுத்துவிட்டது. துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டொரு நாளில் அந்தக் குடும்பம் ஜவுளி மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு செஞ்சிப் பக்கம் வல்லத்துக்குக் கிளம்பியது. முதலியார் வந்து, இப்போதைக்கு நீங்களே இருங்கள் என்றார்.

அன்று அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. கடிகாரக்காரரும் கண்ணாடிக்காரரும் கடையை மூடினார்கள். ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். மெஷினை மிதிக்கும்போது மேலே ஏதோ உறுமுவதுபோல் அவளுக்குத் தோன்றும். காலை நிறுத்திவிட்டுக் காதுகொடுப்பாள். தான் கட்டிவிட்ட பொய்தானா, ஒருவேளை நிஜமாகவே யாராவது சொல்லித் தன் காதில் விழுந்ததா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

காசிம் பாய் கடைச் சாமான்களைக் கட்டுவதைப் பார்த்தபோதுதான் அவள் மெஷினை விட்டு எழுந்து ஓடினாள். அவருடைய மகளுக்கு நிறைமாதம். வளவனூரில் மச்சான் வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். ஒரு வாடகைக் கடைக்காக இங்கே உட்கார்ந்திருக்க முடியுமா என்றார்.

"போவாதீங்க பாய். அது நான் கட்டிவிட்டது. கடை போயிடுமேன்னு அந்தம்மாகிட்ட சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல."

பாய் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எனக்குத் தைரியம் சொல்றியா தங்கச்சி? ஸ்டேஷன்ல போர்ட்டருங்க சொல்றாங்க. போலீஸ்காரரே சொல்றாரு. எல்லாருமா நீ சொன்னதக் கேட்டுப் பேசறாங்க? நீயும் ஜல்தியா எங்கனா போயிடு."

அவள் எவ்வளவோ சொல்லியும் அவர் நம்பவில்லை. பூட்டிக்கொண்டு போனார்.

குண்டு விழவில்லை. ஆடி பிறந்ததும் பட்டணத்துக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போனார்கள். விழுப்புரத்தில் மூடிய கடைகள் திறந்தன. பூட்டிக் கிடந்த குடைக் கடையை முதலியார் ஒரு காபி ஓட்டல்காரருக்கு விட்டார். பாய் வந்துவிடுவார், கொஞ்சம் பொறுங்கள் என்று இருதயமேரி போய்ச் சொன்னாள். அதற்கு அவர், ஓடிப்போனவனுக்காகக் கடையைச் சும்மா போட்டுவைக்க முடியுமா என்று கேட்டார். அவள் திரும்பி நடந்தாள். பாய் ஓடியது யாரால் என்று அவளுக்குத்தானே தெரியும்.

ஆவணியில் காசிம் பாய் வந்தார். பேரன் பிறந்திருந்தான். தோளில் சாமான் பையோடு, ஓட்டலில் இருந்து ஆவி வருவதைப் பார்த்துக்கொண்டு தெருவிலேயே நின்றார். இருதயமேரி இறங்கிப்போய்ப் பையை வாங்கினாள். மெஷினைச் சுவரோரம் நகர்த்தி, கடையின் வாசல் பக்கத்துப் பாதியைப் பெருக்கி, அங்கே பையை வைத்தாள்.

"இன்னா தங்கச்சி இது?"

"நான் கட்டிவிட்டதுன்னு அன்னைக்குச் சொன்னேனே, அது நெசந்தான் பாய்."

பாய் குனிந்து பையின் காதைப் பிடித்தார். பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்றே அவள் நினைத்தாள். கடைசியில் அவர் உட்கார்ந்தார்.

"நீ அப்பவே சொன்னே. நான்தான் கேக்கல" என்றார். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பையை அவிழ்த்தார்.

மூன்றாம் நாள் முதலியார் வந்து வாசலில் நின்றார். தையல் கடைக்குள் குடைக்கம்பிகள் பரப்பிக் கிடப்பதைப் பார்த்தார். யாரைக் கேட்டு ஆள் சேர்த்தாய் என்றார்.

"தையல் கடைதாங்க ஐயா. பாயும் துணியைத்தான் தெக்கிறாரு" என்றாள் இருதயமேரி. பாய் தலை நிமிராமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

முதலியார் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் தன் வீட்டுக் குடை ஒன்று பார்க்க வேண்டியிருக்கிறது, ஆள் விட்டு அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை அவளுக்கு மெஷினில் கால் வைக்கத் தோன்றவில்லை.