லவ்டே என்று கூப்பிடும் குரல்

1

2022 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை பிற்பகலில், கார்ன்வாலின் தென்கரையில் போர்ட்மெல்லிஸ் என்ற மீனவ ஊரில், லவ்டே டிரெம்பாத் என்ற எழுபத்தொன்பது வயதுப் பெண்மணி, தன்னைக் கூப்பிடாத ஒரு குரலுக்கு, "வர்றேன், வர்றேன்! ஊரைக் கூட்டாதே!" என்று பதில் சொன்னார்.

அப்போது நான் அவருடைய சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். கதை எழுத வந்தவனல்ல. நான் வேலை பார்க்கும் வட்டாரப் பத்திரிகையின் ஆசிரியர், அருகிப்போய் மறுபடி தலைகாட்டும் முதற்பெயர்களைப் பற்றி ஒரு பக்கம் கேட்டிருந்தார். "கோடை இதழ், சோகம் வேண்டாம்" என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்துக்குத் தகவல் சேர்க்கப் போன இடத்தில் இது கிடைத்தது.

ஊரின் பெயரையும் குடும்பப் பெயரையும் மாற்றியிருக்கிறேன். வரைபடத்தில் தேடவேண்டாம். முதற்பெயரையும் மாற்றிப் பார்த்தேன். எழுத ஒன்றும் மிஞ்சவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. லவ்டே சன்னலருகே நின்று…"

(நிறுத்திவிட்டேன். அன்று கடல் நல்ல நீலம். தனியாக இருப்பவர்களைச் சன்னலருகே நிறுத்துவது எழுதுகிறவர்களின் பழக்கம். லவ்டே மாவு பிசைந்துகொண்டிருந்தார்.)

இரண்டாவது தொடக்கம் கட்டுரையாக வந்தது. லவ்டே என்ற சொல்லைக் கேட்டால் 'அன்பு நாள்' என்று தோன்றும். உண்மையில் அது பஞ்சாயத்து நாள். இடைக்கால இங்கிலாந்தில் வழக்காடுகிறவர்கள் நீதிமன்றத்துக்கு வெளியே கூடிச் சமாதானம் பேசிக்கொள்ளக் குறித்த நாளுக்கு அந்தப் பெயர். அன்று பிறந்த குழந்தைக்கும் அதையே வைத்தார்கள், தொடக்கத்தில் ஆண்களுக்கும்கூட. பிறகு அந்த நாளும் போயிற்று, நாட்டின் மற்ற பகுதிகள் பெயரையும் மறந்தன. கார்ன்வால் விடவில்லை. இங்கே அது பெண்களின் பெயராகத் தங்கிவிட்டது.

எவ்வளவு பேர் வைக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சிக்கலானது. ஓர் ஆண்டில் மூன்று குழந்தைகளுக்காவது வைக்கப்பட்டால்தான் ஒரு பெயர் அரசு வெளியிடும் அட்டவணையில் வரும். அதற்குக் கீழே போனால் அந்த ஆண்டு அந்தப் பெயரே கண்ணில் படாது. வைத்தவர்கள் இருப்பார்கள், பெயர் இருக்காது.

இந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் அலங்காரம் ஏறிவிட்டது. இருக்கட்டும்.

3

மறுபடி சமையலறை.

லவ்டே பாஸ்டி செய்துகொண்டிருந்தார். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்த மாவின் ஒரு முனையில், மாவாலேயே ஓர் எழுத்தைச் செய்து ஒட்டினார். படகிலும் சுரங்கத்திலும் ஒருவர் பாஸ்டியை இன்னொருவர் எடுத்துவிடாமலிருக்க உண்டான வழக்கம் அது. அந்த வீட்டில் பாஸ்டி தின்பவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் 'எல்' போட்டார்.

"கடைசியா யாரு உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டேன்.

"டென்ஸில்தான், என் வீட்டுக்காரன். படகுல நண்டுக்கூடையோட வரும்போதே துறையிலேருந்து கத்துவான். அவன் போனதோட சரி, கண்ணு.* கடையில மிஸஸ் டி. டாக்டர்கிட்டயும் மிஸஸ் டி. பேர் சொல்ற சேக்காளிங்கல்லாம் கல்லறைத் தோட்டத்துல. அவங்க கூப்பிட்டா எனக்குப் பயமா இருக்கும்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டென்ஸில் கல்லுல மூணு கோடையா யாரோ சூரியகாந்தி வைக்கிறாங்க, தெரியுமா? நண்டு பிடிக்கத்தான் போனான்னு நெனைச்சேன். வேற எங்கெல்லாம் போனானோ."

அப்போதுதான் வெளியே அந்தக் குரல்: "லவ்டே! லவ்டே! இப்ப வரப்போறியா இல்லையா?"

அவர் பதில் சொல்லிக்கொண்டே, மாவுக் கையோடு வாசலுக்கு ஓடினார். துறைச் சரிவில் ஓர் இளம்பெண், வாயில் கடற்பாசியைத் திணித்துக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கினாள். இருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. லவ்டே கொஞ்ச நேரம் ஹைட்ரேஞ்சாச் செடியை ஆராய்வது போல நின்றுவிட்டுத் திரும்பினார்.

"என்ன கண்ணு சிரிக்கிறே?"

"சிரிக்கலை."

"சிரி. ரெண்டு வயசுப் பிள்ளைக்கு விழவேண்டிய ஏச்சை நான் வாங்கிட்டு வர்றேன்."

அதன்பிறகு அந்த மாதம் முழுவதும் அவர் சமையலறைச் சன்னலைச் சாத்தவில்லை.

* இங்கே கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், பாதிரியார் எல்லோரும் முன்பின் தெரியாதவரையும் 'என் காதலா' என்றுதான் விளிப்பார்கள். அதில் ஒன்றுமில்லை. அப்படியே எழுதினால் இந்தக் கதை வேறு திசையில் போய்விடும். 'கண்ணு' என்று வைத்துக்கொண்டேன்.

4

குழந்தையின் தாய் இமோஜன், இந்தக் கோடையில்தான் எதிர் வீட்டுக்கு வந்தவர். எனக்கு இவரிடம்தான் சந்தேகம், அதாவது நான் எழுதிய இவரிடம். முதல் வரைவில் லண்டனிலிருந்து பெரிய வெள்ளைக் காரில் வந்திறங்கி, ஊர்க்காரர்களின் வீடுகளை வாங்கிப்போட்டு, செப்டம்பரில் பூட்டிக்கொண்டு போகும் கூட்டத்தில் ஒருத்தியாக எழுதினேன். அது பொய்யல்ல. லவ்டே இருக்கும் சந்தில் குளிர்காலத்தில் விளக்கெரிவது அவர் வீட்டில் மட்டும்தான். ஆனால் இமோஜன் தினமும் காலையில் கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்குவார். ஊர் வழக்கம் எதையும் கேட்டுத் தெரிந்து, நம்மைவிட ஒழுங்காக நடப்பார். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எழுத எளிதாக இருந்திருக்கும்.

பெயர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

"கல்லறைத் தோட்டத்துல! இவ வயித்துல இருந்தப்போ. ஒரு சிலேட்டுக் கல்லு, 'டென்ஸில் டிரெம்பாத், அவர் மனைவி லவ்டே'ன்னு. கீழே தேதியெல்லாம் புல்லு மூடிக்கிடந்துச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம். வருஷா வருஷம் அந்தம்மாவுக்குச் சூரியகாந்தி வைப்போம். ஒருத்தங்க பேரைச் சும்மா எடுத்துக்கக் கூடாதில்லையா?"

புல்லுக்குக் கீழே மனைவிக்குத் தேதி ஏதும் இல்லை. கணவன் இறக்கும்போதே மனைவியின் பெயரையும் கல்லில் வெட்டிவிடுவது இந்தப் பக்கத்தில் உண்டு. எழுத்து ஒரே கையாக இருக்கும் என்பார்கள். தேதிக்கு மட்டும் இடம் விடுவார்கள். ஊர்க்காரர் யாரும் அந்தக் கல்லைத் தவறாகப் படிக்க மாட்டார்.

உண்மையை யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்தேன். இறந்தவரிடம் என்று முடிவுசெய்தேன்.

5

லவ்டே கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தார்.

"அப்போ நான் செத்துட்டேனா? யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே."

சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஏப்ரனால் கண்ணைத் துடைத்தார்.

"அப்போ அந்தப் பூ?"

"உங்களுக்குத்தான்."

"பாவி நான். மூணு வருஷமா கல்லுக்குப் போய் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசலை."

(இங்கே பெயரின் பொருளை நினைவூட்டி ஒரு வாக்கியம் எழுதினேன். அடித்துவிட்டேன்.)

மறுநாள் காலையில் அவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து, "அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லணும், நான் இருக்கேன்னு. நீயும் வா, சாட்சிக்கு" என்றார்.

6

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். முன்பே சொல்லியிருக்க வேண்டும், இடம் கிடைக்கவில்லை. போர்ட்மெல்லிஸில் உயிரோடிருப்பவரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பதென்றால் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள். கேட்காமல் வைத்துவிட்டால், பெரியவர் இருக்கும்வரை குழந்தையை இரண்டாம் பெயரால் கூப்பிடுவார்கள். இமோஜனுடைய குழந்தையின் இரண்டாம் பெயர் மேபல்.

இமோஜன் வீட்டுக் கதவு திறப்பதற்குள் நான் இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

அ. லவ்டே சொல்கிறார். இமோஜன் அழுகிறார். குளிர்காலத்தில் லண்டனிலிருந்து ஞாயிறுதோறும் தொலைபேசி. ஆசிரியருக்குப் பிடித்திருக்கும்.

ஆ. லவ்டே சொல்லாமலே அந்தக் குளிரில் இறந்துபோகிறார். அடுத்த கோடையில் வைக்கும் பூ உண்மையிலேயே இறந்தவருக்கானதாகிறது. வரைவைப் படித்த நண்பர் இதுதான் இலக்கியம் என்றார். ஆனால் லவ்டேயைக் கேட்காமல் அவரைச் சாகடிக்க எனக்கு உரிமை இல்லை. ஏற்கெனவே ஒருமுறை அது நடந்துவிட்டது.

7

நடந்தது இது.

ஆகஸ்ட் 29, வங்கி விடுமுறை என்று இங்கே சொல்லும், கோடையின் கடைசிப் பொது விடுமுறை. வாசலில் காரின் பின்கதவு திறந்து பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. லவ்டே துணியில் சுற்றிய சின்னப் பாஸ்டி ஒன்றை நீட்டினார்.

"எதிர் வீடு. வழியில பிள்ளைக்குக் கொடு. நல்லா ஆறட்டும், வாய் சுட்டுடும்."

இமோஜன் துணியை விலக்கினார். "ஐயோ, அவ எழுத்தையே போட்டிருக்கீங்களே! எப்படித் தெரியும்?"

"நீ கத்துறது துறை வரைக்கும் கேக்குது."

இமோஜன் சிரித்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினார்: "லவ்டே! லவ்டே! ஓடி வா, யாரு வந்திருக்காங்க பாரு!"

நான் லவ்டேயைப் பார்த்தேன். அவர் முதுகு நிமிர்ந்தது. பதில் சொல்ல வாய் திறந்து மூடிக்கொண்டார்.

"உங்க பேரு…?" என்றார் இமோஜன்.

"எல்லாரும் மிஸஸ் டின்னுதான் சொல்லுவாங்க."

குழந்தை வந்து பாஸ்டியின் எழுத்தை முதலில் பிய்த்துத் தின்றது. நாங்கள் சந்தின் இந்தப் பக்கம் திரும்பினோம்.

"சொல்லலையே?"

"சொன்னா அடுத்த கோடையிலேருந்து மேபல், மேபல்னு கேக்கும். அவ நல்ல பொண்ணு, வழக்கத்தை மீற மாட்டா." கதவருகே நின்றார். "நான் செத்தே இருந்துட்டுப் போறேன், கண்ணு."

"லவ்டே" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். உங்களுக்கும் அது தோன்றியிருக்கும்.

அவர் தலையை ஆட்டினார். "ஒட்டலை. நீ படிச்சுக் காட்டுற மாதிரி இருக்கு. தூரத்துலேருந்து கத்தணும். கொஞ்சம் கோவம் இருக்கணும்."

8

கோடை இதழின் பக்கம் வெளிவந்தது. அதில் மற்றப் பெயர்கள் இருந்தன, லவ்டே இல்லை. இமோஜன் அந்தப் பத்திரிகையைத் தபாலில் தருவித்துப் படிப்பவர். ஆகவே இதைத் தமிழில் எழுதுகிறேன். போர்ட்மெல்லிஸில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இப்போது நீங்களும் தெரிந்துகொண்டீர்கள். என்றாவது ஒரு கோடையில் இந்தக் கரைக்கு வந்து, ஒரு தாய் அந்தப் பெயரைக் கத்துவதைக் கேட்டால், அவரிடம் சொல்லலாம். சொல்லாமல் எதிர் வீட்டுச் சன்னலைப் பார்த்துவிட்டும் போகலாம். அந்த முடிவு என்னிடம் இல்லை.

2023 ஆகஸ்டில் டென்ஸில் டிரெம்பாத்தின் கல்லருகே சூரியகாந்திகள் வைக்கப்பட்டிருந்தன. மூன்றாம் நாள் லவ்டே அவற்றுக்குத் தண்ணீர் மாற்றினார்.