தையலுக்கு விட்ட துணி

தையல்காரியின் வீட்டில் அன்று காலை மெஷின் ஓடவில்லை. பேருந்து ஓட்டுநரான அவள் கணவன், வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இருவரும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கிய வீட்டுமனையின் மேல், மூலைக்கு மூலை உயர் அழுத்த மின்கம்பி போகவிருந்தது. இழப்பீட்டை முடிவுசெய்ய அதிகாரி வந்து, நாற்காலி நுனியில் அமர்ந்தார்.

“கம்பிக்குக் கீழ வர்ற நிலப்பட்டையில வீடு கட்டக்கூடாதும்மா. அந்தப் பட்டைக்கு மட்டும் பணம் வரும். மிச்ச இடத்துல வீடு கட்ட வழியில்லேன்னாதான் முழு மனைக்கும் கொடுப்போம். வரைபடத்துல வழியிருக்கு.”

“மூணு மூலை வீட்டுல கட்டிலை எங்க சார் போடுறது?” என்றான் கணவன்.

“நீங்க சும்மா இருங்க” என்றவள், மேசையில் கிடந்த துணியில் மனையைச் சுருக்கி வரைந்து, குறுக்கே கம்பிப் பட்டையைக் குறித்தாள். கத்தரி சரசரவென்று ஓடியது. பட்டை தனியே வர, இரண்டு முக்கோணங்கள் மிஞ்சின.

“அடிப்பாவி, அது என் புதுச் சட்டைத் துணி.”

யாருடைய சட்டை என்று கத்தரி கேட்பதில்லை, அவளும் கேட்கவில்லை. “சார், இதுல வீடு கட்டிக் காட்டுங்க.”

அதிகாரி சிரித்தபடி அளவுகோலை வைத்தார். சிரிப்பு நின்றது. “நோட்டீஸ்ல போட்டதைவிடப் பட்டை அகலமா இருக்கேம்மா.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “கைப்பழக்கம் சார். தையலுக்குன்னு ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுட்டேன்.”

“போச்சு. ஏமாத்துறோம்னு நினைக்கப்போறார்” என்று கணவன் முணுமுணுத்தான்.

அதிகாரி துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். “காத்துல கம்பி ஆடும்மா. அதுக்குன்னு நாங்களும் ரெண்டு பக்கமும் இடம் விடணும். கம்பியைத் தாங்குற மின்கோபுரத்துகிட்ட ஆட்டம் கம்மி, நடுவுலதான் ஜாஸ்தி. உங்க மனை ரெண்டு கோபுரத்துக்கும் நட்டநடுவுல இருக்கு. இருங்க.”

அவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அவள் துணியில்லாத மெஷினைக் கடகடவென மிதித்தாள்.

“கோபுரத்தடி அகலத்தையே இங்கயும் போட்டுட்டாங்க” என்று அதிகாரி நிமிர்ந்தார். “சரியான அகலம் போட்டா மிச்சத்துல ஒரு அறைகூடத் தேறாது. முழு மனைக்கும் எழுதிடறேன். வேற இடம் பாருங்க.”

மெஷின் நின்றது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மேலதிகாரிகிட்ட காட்டணும், இந்தத் துணியை எடுத்துக்கட்டுமா?”

“தாராளமா” என்று கணவன் அலமாரிக்கு ஓடினான். “பொத்தானும் வாங்கி வச்சிருந்தேன் சார். அதையும் கொண்டுபோங்க.”