முதல் பக்கத்து நாம்

காரைக்கால் பக்கம் சுரக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தும் வெண்மதிக்குப் போன வாரம் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. புருஷன் சுப்ராயன் பிறவியிலேயே பிரெஞ்சுக்காரர். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியம். பாரிஸ் பக்கம் போய்விட வேண்டுமென்ற அவருடைய ஆசைக்காக வெண்மதியும் பிரெஞ்சு படித்து, பரீட்சை எழுதி, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். செய்தி வந்ததும் அவர் தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார்.

காரைக்காலில் இந்தக் குடியுரிமையைப் பற்றி ஒரு நினைப்பு உண்டு. வீட்டுக்கு மாடி எடுப்பது மாதிரிதான், கீழ்வீடு எங்கேயும் போகாது என்பார்கள். வெண்மதியும் அப்படித்தான் நினைத்தாள். படித்தவள்தான். படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்று யார் சொன்னது?

இந்த வாரம் அரசியலமைப்பு நாள். அவள் மைக்கில் முகப்புரையைச் சொல்ல, பிள்ளைகள் பின்னால் சொல்ல வேண்டும். அதற்காக முந்தின நாள் சாயங்காலம் அரசியலமைப்புப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒன்பதாவது பிரிவில் கண் நின்றது. தானே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகன் ஆகமாட்டார் என்றிருந்தது.

"என்னங்க, இதப் பாருங்களேன். இப்ப நான் யாருங்க?"

"பிரெஞ்சுக்காரி. பழைய பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுக்கணும், அவ்வளவுதான்."

"நீங்க சொல்லவே இல்லியே!"

"பாடம் நடத்துறவளாச்சே, தெரியும்னுல்ல நெனச்சேன்."

முதல் பக்கத்தில் 'நாம்' என்று சேர்த்துக்கொள்ளும் புத்தகம், உள்ளே போனால் மூன்றாம் மனுஷியாக்கி வெளியே நிறுத்துகிறதே! இத்தனை வருஷமும் 'நமது அரசியலமைப்பு' என்றுதான் கரும்பலகையில் எழுதினாள். இனி எப்படி எழுதுவது? 'இந்தியாவின் அரசியலமைப்பு' என்றா? புருஷன் வீட்டில் எப்போதும் சொல்வது போல 'உங்க சட்டம்' என்றா? யாரிடமாவது கேட்டால் வேலைக்கே உலை. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயை மூடிக்கொண்டாள்.

காலையில் மைக்கைப் பிடித்து, "இந்திய மக்களாகிய" என்றாள். பிள்ளைகளும் "இந்திய மக்களாகிய" என்றார்கள். அடுத்த சொல் வரவில்லை. பொய் சொல்லாதே என்று இதே பிள்ளைகளை எத்தனை தடவை அதட்டியிருப்பாள்! சொன்னால் பொய். சொல்லாவிட்டால், பிறந்து வளர்ந்ததெல்லாம் பொய்யாகிவிடாதா? ஒன்றும் விளங்கவில்லை. அழுகைதான் வந்தது.

பிள்ளைகள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார்கள். தினம் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகியிருந்தது. முன்வரிசையில் ஒருத்தி "நாம்" என்று எடுத்துக் கொடுக்க, மைதானமே பிடித்துக்கொண்டது. 'நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம்' வரைக்கும் ஒரு பிசகில்லை. டீச்சரை யாரும் தேடவில்லை.

தலைமையாசிரியை மெஹர் பானு பூரித்துப்போய் வந்து தோளைத் தட்டினார்.

"அசத்திட்டீங்க டீச்சர்! நீங்க இல்லாமலே புள்ளைங்க முழுசா சொல்லிடும்னு காமிச்சுட்டீங்க."

"ஆமாங்க மேடம்," என்றாள் வெண்மதி.