ஸ்டியரிங்கின் இடது காது

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் மேடு என்று சொல்லத்தக்கது வீதியில் போட்டிருக்கும் வேகத்தடை ஒன்றுதான். அப்படிப்பட்ட சமதரையில், மலைப்பாதைக்கென்று செய்த ஒரு வசதியைப் பற்றி ஊரையே பேசவைத்த பெருமை ஸாஜிதைச் சேரும்.

வசதியின் பெயர் பெடல் ஷிஃப்ட். ஸ்டியரிங் வளையத்துக்குப் பின்னால், இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தகடுகள். ஓட்டோ கியர் வண்டியில் கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். ஆனாலும் ஓட்டுகிறவருக்கு மனமிருந்தால் வலது காதை இழுத்துக் கியரைக் கூட்டலாம், இடது காதை இழுத்துக் குறைக்கலாம். பந்தயக் கார்களில் இருப்பது. ஸாஜிதின் காரோ பெற்றோலை நக்கிக் குடிக்கும், நாலு பேர் ஏறினால் மூச்சு வாங்கும், பாவித்த சின்ன ஜப்பான் கார். அதில் போய் பெடல் ஷிஃப்ட்! கொழும்பில் விற்றவன் "ஃபுல் ஒப்ஷன் சேர்" என்று சொன்னபோது ஸாஜிதுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கண்ணீருக்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். ஸாஜிதும் அப்படித்தான் றுக்ஸானாவின் வீட்டுக்கு வந்தார். படுக்கும் கட்டில், சுற்றும் ஃபேன், குளிர்சாதனப் பெட்டி, அதற்குள் இருக்கும் தண்ணீர்ப் போத்தல் எல்லாம் மாமனார் அச்சிமுகம்மது ஹாஜியார் போட்டவை. அரச உத்தியோகம் பார்க்கும் மருமகனுடையது என்று அந்த முற்றத்தில் நின்றது கார் மட்டும்தான். ஆகவே அந்த வீட்டில் அவருடைய மரியாதை நான்கு சில்லுகளில் நின்றது. இரண்டு காதுகளால் நிமிர்ந்து நின்றது.

"காதைக் குடுங்க மாமா. இப்ப இடது பெடலத் தட்டுறன். எஞ்சின் வண்டியப் புடிக்கிறது விளங்குதா?"

ஹாஜியார் கண்ணை மூடி யோசித்தார். நெல்லைக் கையில் அள்ளிய உடனே ஈரப்பதம் சொல்லும் வியாபாரி அவர். ஒன்று தனக்கு விளங்கவில்லை என்று சொல்லிப் பழக்கமில்லை.

"ஓம் மகன். பின்னால ஆரோ இழுத்துப் புடிச்ச மாதிரி இரிக்கி."

மாமனாருக்கு விளங்கியது மற்றவர்களுக்கு விளங்காமல் போகுமா? இரும்புக்கடை ஸப்ரிக்கு முதுகில் விளங்கியது. பள்ளிவாசல் தலைவருக்கு வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சியாக விளங்கியது. ஸப்ரி மட்டும் ஒரு நாள் வாய் தவறிக் கேட்டான்: "கியர் நம்பர் எங்க மச்சான் காட்டும்?"

"நம்பர் காட்டுறது ஓடத் தெரியாதவனுக்கு. இது காதால ஓடுற வாகனம்."

ஸப்ரி வெட்கப்பட்டுப் போனான்.

றுக்ஸானாவுக்கும் ஒரு சந்தேகம் வந்தது. கியர்க் கோலுக்குப் பக்கத்தில், எழுத்துகளின் அடியில், 'எல்' என்று ஒன்று இருந்தது. அது எதற்கு என்று கேட்டாள்.

"அது லேணர்ஸ்காரருக்கு. நீ பழகுற காலத்தில போடலாம் புள்ள" என்றார் ஸாஜித், அன்போடு.

அன்போடு சொன்னார் என்பதற்காக நம்புகிறவள் இல்லை றுக்ஸானா. தன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, வீட்டில் சண்டை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டாள்.

இப்படியிருக்க, றுக்ஸானாவின் தங்கை ஸப்னாவுக்குக் கண்டிப் பக்கம் கம்பஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஹொஸ்டலில் கொண்டுபோய் விடவேண்டும். ஹாஜியார் வேன் பிடிப்போம் என்று தொடங்கியதுதான் தாமதம், ஸாஜித் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பெடல் ஷிஃப்ட் உள்ள வாகனம் முற்றத்தில் நிற்க, மலைக்குப் போக வேனா? ஹாஜியார் மருமகனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். போகும்போது ஏற்றம், கார் திணறித் திணறி ஏறியது. ஸப்னாவை இறக்கிவிட்டு மகியங்கனைப் பாதையால் திரும்பினார்கள். மலையிலிருந்து இறங்கும் பதினெட்டு வளைவு தொடங்குமிடத்தில், பள்ளத்தாக்கு கீழே நீலமாக விரிந்தபோது, ஸாஜித் சட்டைக்கையைச் சுருட்டினார்.

"இனித்தான் மாமா பெடலுக்கு வேல. பாத்துக்கொண்டிருங்க."

தட்டினார். கார் இறங்கியது. மீண்டும் தட்டினார். கார் இன்னும் நன்றாக இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் பிரேக்கை அமத்திக்கொண்டு, இடது விரலால் காதையும் தட்டி, வேகம் குறைந்த புகழைக் காதுக்கே கொடுத்தார்.

"பாத்தீங்களா, புடிக்கிது!"

"ஓம், ஓம். நல்லாப் புடிக்கிது" என்றார் முன் சீட்டில் ஹாஜியார், கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே.

பின்னால் றுக்ஸானாவோடு இருந்த மாமியார் றபீக்காவின் மூக்கு வேறு கதை சொன்னது. "என்னமோ கரியிது மகன். சட்டியில பத்தின மாதிரி."

"முன்னால போன லொறிட மணம் மாமி."

முன்னால் லொறி எதுவும் போகவில்லை. அடுத்த வளைவுக்கு முன் ஸாஜித் பிரேக்கில் வைத்த கால், உழுத வயலில் வைத்த கால் மாதிரி சொதக்கென்று கீழே போனது. மீண்டும் மிதித்தார். சேறுதான். வலது பக்கம் தடுப்புச்சுவர். அதற்கப்பால் மரங்களின் தலைகள்.

"மகன், மெதுவா..."

ஸாஜித் இடது காதைத் தட்டினார். தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு, நம்பி வந்த ஒரே பொருளைப் பிடித்து இழுக்கிற மாதிரி, முழுப் பலத்தோடு இழுத்தார்.

காது கையோடு வந்துவிட்டது.

அதன் பின்புறத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பசைத்துண்டு. வயர் இல்லை. சுவிட்ச் இல்லை. காது இருந்த இடத்தில் ஸ்டியரிங் வழுவழுவென்று, பிறந்த நாளிலிருந்து தனக்குக் காதே இருந்ததில்லை என்ற முகத்தோடு இருந்தது. ஹாஜியார் அந்தத் தகட்டைப் பார்த்தார், பள்ளத்தாக்கைப் பார்த்தார், உரத்த குரலில் கலிமா சொல்லத் தொடங்கினார்.

அப்போது இரண்டு சீட்டுக்கும் நடுவால் ஒரு கை பாய்ந்து கியர்க் கோலைப் பிடித்து, 'எல்' வரைக்கும் ஒரே இழுவையாக இழுத்தது. தாழ்ந்த கியரில் விழுந்த எஞ்சின், அறுக்கக் கொண்டுபோன மாடு மாதிரிக் கத்தியது. எல்லோரும் முன்னால் போய் விழுந்தார்கள். வேகம் செத்த கார் இடது பக்கத்து மலையில் உரசி, வீதியோர வடிகானுக்குள் ஒரு சில்லை இறக்கி நின்றது.

"நான் லேணர்ஸ்தானே" என்றாள் றுக்ஸானா, கையை மடிக்குள் வைத்துக்கொண்டு. "எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

பின்னால் வந்த பஸ்காரர்கள் இறங்கி, காரைத் தூக்கி வீதியில் வைத்துவிட்டுப் போனார்கள். பிரேக் ஆறட்டும் என்று நால்வரும் வீதியோரக் கல்லில் இருந்தார்கள். தகடு இன்னும் ஸாஜிதின் கையில். கீழே வைக்கவும் தோன்றவில்லை, எறியவும் தோன்றவில்லை.

"ஒட்டினதா?" என்றார் ஹாஜியார்.

"வல்லாஹி எனக்குத் தெரியா மாமா. வித்தவன் செல்லித்தான்..."

"அப்ப இவ்வளவு நாளும் என்னத்தத் தட்டின நீங்க மகன்?" மாமியார் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

ஸாஜிதுக்குத் தான் உடுப்புப் பெட்டியோடு திரும்பிப் போகும் காட்சி கண்ணில் வந்தது.

"அவர் தட்டினத உடுங்க உம்மா" என்றாள் றுக்ஸானா. "வாப்பாவுக்குப் பின்னால ஆரோ இழுத்துப் புடிச்ச மாதிரி இருந்திச்சாமே. அது ஆரு?"

மலையில் ஒரு குரங்கு கத்தியது. ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார், போட்டார். அவர் இந்தக் காதைப் பற்றிப் பேசாத இடமில்லை. நெல் ஆலையில் பேசியிருந்தார், பள்ளிவாசலில் பேசியிருந்தார், ஆள் செத்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்த மையத்து வீட்டில்கூடப் பேசியிருந்தார். மெதுவாகக் கையை நீட்டி மருமகனிடமிருந்து தகட்டை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இத ஒட்டுற பசை எங்க எடுக்கிற?"

ஸாஜிதுக்குத் தகடு கழன்றபோது வந்த அதிர்ச்சி ஒரு பங்கு என்றால், இது இரு பங்கு.

மகியங்கனையில் ஒரு கராஜில் பிரேக்கைச் சரிபார்த்து, கார் ஊருக்கு வந்து சேர்ந்தது. ஸப்ரியின் கடையில் பசை இருந்தது. இருந்தும், ஸப்ரி அறியக்கூடாதென்று ஹாஜியார் அம்பாறை வரை போய் வாங்கிவந்து, கேற்றைப் பூட்டிவிட்டுத் தன் கையாலேயே ஒட்டினார். ஆனால் இடது கதவின் கீறலை ஒட்டி மறைக்க முடியவில்லை. பார்க்க ஆட்கள் வந்தார்கள். பள்ளிவாசல் தலைவரும் வந்தார்.

"பிரேக் போயித்து. பதினெட்டு வளைவுல!" ஹாஜியார் முற்றத்தின் நடுவில் நின்று சொன்னார். "மருமகன் சும்மா இரிக்கல்லயே. இடது பெடல ஒரு இழுவ இழுத்தார் பாருங்க, அவ்வளவுதான்!"

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதைக் கேட்டபோதுதான் ஸாஜிதுக்கு மாமனார் எப்படி இத்தனை காலம் வியாபாரம் செய்தார் என்பது விளங்கியது.

"மாஷா அல்லாஹ்!" என்றார் தலைவர். வீட்டு வாசலில் தேத்தண்ணித் தட்டோடு வந்த றுக்ஸானா, அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள்.

தலைவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இரண்டு காதுகளையும் கண்ணாடிக்கூடாக மரியாதையோடு பார்த்தார்.

"நாங்க பதுளைக்குப் போகணும், ஒரு மௌலவியக் காண. மலப்பாதை, ஆரை நம்பிப் போறண்டு யோசிச்சிக்கொண்டு இருந்தன். அல்லாஹ் காட்டித் தந்திட்டான். வேன் வாணாம். வாற ஞாயிறு ஸாஜித்ட வாகனத்தில போவம். முன் சீட்டு ஹாஜியாருக்குத்தான்."

ஹாஜியாரின் முகத்தில் இருந்த சிரிப்பு போக இடம் தெரியாமல் அங்கேயே நின்றது. அவர் மருமகனைப் பார்த்தார். மருமகன் அவரைப் பார்த்தார். ஒரு சொல் போதும். இருவரில் யாராவது ஒருவர் சொன்னால் போதும். முற்றம் முழுக்க ஆட்கள் அவர்களுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்ஷா அல்லாஹ்" என்றார் ஸாஜித்.

"இன்ஷா அல்லாஹ்" என்றார் ஹாஜியார், இன்னும் மெல்லிய குரலில்.

உள்ளேயிருந்து றபீக்காவின் சத்தம் கேட்டது: "புள்ள, அந்த யாஸீன் கிதாப எங்க வெச்ச?"