குரங்குதின்னி சொன்ன காய்ச்சல்

1.
இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. லுவாங்வா ஆற்றோரக் காட்டுச் சுற்றுலா முகாமில் கொசுவலை கட்டுகிறவன் நான். "இந்த மாசம் கொசுவே இல்ல" என்று விருந்தாளிகளிடம் பதினொரு வருடமாகச் சொல்லிவருகிறேன். சொல்லிக்கொண்டே வலையின் ஓட்டையைத் தைக்கிறேன்.

2.
முதல் தொடக்கம்: அந்தி சாயும் வேளையில் நீர்யானைகள்... (வேண்டாம். பணம் கட்டியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.)

இரண்டாவது தொடக்கம்: ஹென்ரீக்கா என்ற டச்சுக்காரி பத்து நாள் தங்கினார். கெட்ட கனவு வருகிறதென்று மலேரியா மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். இது இருக்கட்டும்.

3.
கிளம்பும் நாள் காலை அவருக்கு உடம்பு நடுங்கியது. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு விமானம் ஏறலாமென்று வழிகாட்டி சிலுஃபியா கெஞ்சினான். அவர் ஊர் மருத்துவர் வெறும் சளிக்காய்ச்சல் என்று அனுப்பிவிட்டால், அதற்குள் மலேரியா மூளைக்கு ஏறிவிடும். பிறகு ஆள் பிழைப்பது கஷ்டம்.

விஷயம் தெரியாமல் அடுக்களையிலிருந்து வந்தாள் சமையல்காரி தாண்டிவே. சிலுஃபியா பெம்பா, அவள் அங்கோனி. இரண்டு இனத்துக்கும் கேலிமுறை. பெம்பாவுக்குக் குரங்குதின்னி, அங்கோனிக்கு எலிதின்னி என்று பட்டப்பெயர். சாவு வீட்டில்கூடக் கிண்டல் செய்வார்கள், யாரும் கோபிக்கக் கூடாது.

"இந்தக் கொரங்குதின்னி பேச்சையா நம்புறீங்க மேடம்? நேத்து நரியப் பாத்துட்டுச் சிங்கம்னவன்."

ஹென்ரீக்கா சிரித்துவிட்டு, நிம்மதியாக ஜீப்பில் ஏறினார்.

[தாண்டிவே கெட்டவளா? இல்லை, பழக்கதோஷம். ஆனாலும் இதை எழுதும்போது எனக்கு அவள்மேல் கோபம்தான்.]

4.
ஜீப்பிலிருந்து ஹென்ரீக்கா நீட்டிய தேநீர்க் கோப்பையை வாங்கும்போது தாண்டிவேயின் விரல் அவர் கையில் பட்டது. அடுப்புச் சட்டியை வெறுங்கையால் இறக்குகிறவள், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். விளையாட்டு வினையாகிவிட்டது.

முடிவு ஒன்று: ஜீப் போய்விடுகிறது. (எழுதினேன். மனசு கேட்கவில்லை, கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு, நடந்தது: வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். பெம்பாக்காரன் சொல்வது சரியென்று எந்த அங்கோனியும் ஒப்புக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"எறங்குங்க மேடம். அவன் சொன்னது நெசம். நாந்தான் வெளையாடிட்டேன்."

"சத்தமாச் சொல்லு எலிதின்னி, காதுல விழல," என்றான் சிலுஃபியா. அவன் கண் கலங்கியிருந்தது.

முகாமே கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னாள். ஹென்ரீக்கா இறங்கினார்.

5.
சோதனை அட்டையில் ஒரு கோடு விழுந்தால் ஒன்றுமில்லை, இரண்டு விழுந்தால் மலேரியா. கால்மணி நேரம் எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனை விழுந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் நானும் அங்கோனிதான். பெம்பாக்காரன் ஜெயித்தான் என்று என் கையால் எழுதினால் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். உங்களுக்கும் எங்களுக்கும் எந்தக் கேலிமுறையும் இல்லை. அந்த இரண்டாவது கோட்டை நீங்களே போட்டுவிடுங்கள்.